மலைநாட்டில் பழைய பைக்: அறிகுறியிலிருந்து பழுதைப் பிடிக்கும் வழி

ஹொண்டா சி.ஜி.125, சி.90 கப், எம்.டி.90, யமஹா ஆர்.எக்ஸ்.100 போன்ற காபரேட்டர் வைத்த பழைய பைக்குகளுக்கானது இது. மலைநாட்டில் இவற்றுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி ஈரத்தாலும் உயரத்தாலும் சரிவாலும் வருபவை. கொழும்பில் ஒழுங்காக ஓடிய பைக் ஹட்டனுக்கு வந்ததும் இழுக்க மறுத்தால் எஞ்சின் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஆனாலும் கை முதலில் போவது காபரேட்டருக்கு, அடுத்து ஹெட்டுக்கு. இரண்டையும் தொடுமுன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. பாதிக்கு மேல் காசே கேட்காதவை.

கையில் இருக்க வேண்டியவை: பிளக் ஸ்பனர், ஃபீலர் கேஜ், சாதாரண மல்டிமீட்டர், 400 அல்லது 600 நம்பர் எமரித் தாள், ஒரு புதுப் பிளக், தண்ணீர் தெளிக்கும் போத்தல். புதுப் பிளக்கைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சந்தேகமான பிளக்கை வைத்துக்கொண்டு மற்றதைச் சோதிப்பது வீண் வேலை.

அறிகுறி 1: குளிர் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி படியும் காலைகளில் இது அதிகம். சோக்கை மூடி, சாவி போடாமல் இரண்டு மூன்று தடவை மெதுவாகக் கிக் பண்ணி, பிறகு சாவி போட்டு, அக்சிலேட்டரைத் தொடாமல் ஒரு நல்ல கிக் கொடுங்கள். ஏழெட்டுக் கிக்கிலும் பிடிக்காவிட்டால் உதைப்பதை நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள்.

*பிளக் நனைந்திருந்தால்* பெற்றோல் வருகிறது, தீப்பொறி வரவில்லை அல்லது பெற்றோல் அதிகமாகிவிட்டது. பிளக்கைத் துடைத்துக் காயவைத்து மாட்டி, சோக்கைத் திறந்து, அக்சிலேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்தபடி ஐந்தாறு கிக் கொடுங்கள். வழிந்த பெற்றோல்தான் பிரச்சினை என்றால் இதிலேயே பிடித்துவிடும்.

பிடிக்காவிட்டால் பொறியைச் சோதியுங்கள். புதுப் பிளக்கைப் பிளக் வயரின் கெப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பு ஹெட்டில் அழுத்தமாகத் தொடும்படி வைத்துக் கிக் பண்ணுங்கள். இரண்டு எச்சரிக்கை. பிளக் துளையைத் துணியால் அடையுங்கள், உள்ளிருந்து தெறிக்கும் பெற்றோல் ஆவி பொறியில் பற்றும். சி.டி.ஐ. (பொயின்ட் இல்லாமல் மின்னணு முறையில் பொறி தரும் யூனிட்) வைத்த பைக்கில் பிளக் எங்கும் தொடாமல் தொங்கும்போது கிக் பண்ணாதீர்கள், யூனிட்டே எரியலாம்.

- பொறி நீலமாகச் சத்தத்தோடு வருகிறது: பழைய பிளக்கை வீசிவிடுங்கள். சி.ஜி.125க்கு என்.ஜி.கே. டி8இஏ, இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ.
- பொறி மஞ்சளாக, மெலிதாக வருகிறது: கெப்பைத் திருகிக் கழற்றி வயர் முனையில் 5 மி.மீ. வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள். உள்ளே பச்சை பிடித்த செம்பு பல பைக்குகளில் இதே இடத்தில்தான் ஒளிந்திருக்கும். ரெசிஸ்டர் வைத்த கெப் என்றால் மீட்டரில் சுமார் 5 கிலோ ஓம் காட்ட வேண்டும். எல்லை இல்லாமல் ஏறினால் கெப்பை மாற்றுங்கள்.
- பொறியே இல்லை: முதலில் கில் சுவிட்ச், சாவி சுவிட்ச். பொயின்ட் (திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் தொடுமுனை) வைத்த பழைய மொடல் என்றால் பொயின்ட் முகத்தை எமரியால் இலேசாகத் தேய்த்து, பெற்றோலில் நனைத்த தாளை இடையில் வைத்து இழுத்துத் துடைத்து, அதிகம் திறக்கும் இடத்தில் இடைவெளியை 0.3 முதல் 0.4 மி.மீ.க்குள் வையுங்கள். தேய்த்த தூளைத் துடைக்காமல் விட்டால் முன்னைவிட மோசமாகும். பொயின்ட் முகத்தில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழுந்திருந்தால், திறக்கும்போது பெரிதாக நீலப்பொறி பறந்தால், கொன்டென்சர் (பொயின்ட்டில் பொறி பறக்காமல் காக்கும் சிறு பாகம்) போயிருக்கிறது. இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும்: ஃப்ளைவீலின் ‘எஃப்’ குறி கேஸின் குறிக்கு நேராக வரும் அதே கணத்தில் பொயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும்.

*பிளக் காய்ந்திருந்தால்* பெற்றோல் வரவில்லை. காபரேட்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். எதுவும் வராவிட்டால் பெற்றோல் டெப், அதன் கிண்ணத்து வலை, குழாய் என்று மேலே போங்கள். போத்தலின் அடியில் தனியாக உருண்டு நிற்கும் துளி தென்பட்டால் அது தண்ணீர். பாதி காலியான டாங்கியை ஈரக்காற்றில் இரவெல்லாம் விட்டால் உட்சுவரில் வியர்த்து அடியில் சேர்கிறது. கிண்ணத்தையும் டெப்பையும் வடித்து, இனி மாலையிலேயே டாங்கியை நிரப்பி வையுங்கள்.

பெற்றோல் வந்தும் பிளக் காய்ந்திருந்தால், அல்லது சோக்கில் மட்டும் ஓடி சோக்கைத் திறந்ததும் நின்றால், பைலட் ஜெட் (மெதுவாக ஓடும்போது பெற்றோல் விடும் நுண்துளைத் திருகு) அடைத்திருக்கிறது. மாதக்கணக்கில் நின்ற பைக்குக்கு இது வழக்கம். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் முடிபோன்ற துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். அடைப்பை எடுக்க மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை போதும். தையல் ஊசியை விட்டால் துளை பெரிதாகும், பிறகு அந்த ஜெட் எதற்கும் உதவாது.

*பொறியும் பெற்றோலும் இருந்தும் பிடிக்கவில்லை:* நான்கு ஸ்ட்ரோக் என்றால் டெப்பட் இடைவெளியை (வால்வு முனைக்கும் அதை அழுத்தும் திருகுக்கும் இடையிலுள்ள வெளியை) பாருங்கள். எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும், கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் ஃப்ளைவீலின் ‘டி’ குறி கேஸின் குறிக்கு நேராக இருக்க வேண்டும். சி.ஜி.125க்கு 0.08 மி.மீ., சி.90 கப்புக்கு 0.05. இடைவெளியே இல்லாமல் இறுகிப்போன எக்ஸோஸ்ட் வால்வு, குளிரில் ஸ்டார்ட் ஆகாத பைக்கில் அடிக்கடி அகப்படும். சத்தம் போடாததால் யாரும் சந்தேகப்படுவதில்லை. சத்தம் போடும் டெப்பட்டைவிடச் சத்தமில்லாத டெப்பட்டுக்குத்தான் பயப்பட வேண்டும்.

அதுவும் சரி என்றால் கம்ப்ரஷன். அக்சிலேட்டரை முழுதாகத் திறந்து, பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜை வைத்துக் கிக் பண்ணுங்கள். நான்கு ஸ்ட்ரோக் என்றால் பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கேஜ் எண்ணும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கே குறைந்து காட்டும். புத்தக எண்ணோடு ஒப்பிட்டு “போர் பண்ண வேண்டும்” (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்க வேண்டும்) என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் கழித்துவிட்டு யோசியுங்கள்.

*கராஜுக்கு எப்போது:* உயரத்தைக் கழித்த பிறகும் கம்ப்ரஷன் மிகக் குறைவாக இருந்தால். வால்வு உட்கார வைப்பதும் சிலிண்டர் போரும் லேத் வேலை.

அறிகுறி 2: ஓடும்போது நிற்கிறது, பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஓடுகிறது

அதிகம் காசு கரைய வைக்கும் அறிகுறி இதுதான். வெவ்வேறு பழுதுகள் ஒரே மாதிரி நடந்துகொள்வதால், வீட்டுக்கு வந்த பிறகு எதையும் கண்டுபிடிக்க முடியாது. நின்ற இடத்திலேயே, நின்ற நிமிடத்திலேயே பார்க்க வேண்டும். வரிசை முக்கியம்.

*முதலில் டாங்கி மூடியைத் திறவுங்கள்.* ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டு, அடுத்த நிமிடத்தில் பைக் ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. டாங்கிக்குப் பெயின்ட் அடித்த பைக்குகளிலும், வேறு மொடலின் மூடி போட்ட பைக்குகளிலும் இது சர்வசாதாரணம். நீண்ட ஏற்றத்தில்தான் வெளிப்படும், ஏனென்றால் அங்கேதான் பெற்றோல் வேகமாகக் குறைகிறது. மூடியைப் பெற்றோலில் ஊறவைத்து மெல்லிய கம்பியால் துளையைத் திறவுங்கள். செலவில்லை.

*சத்தம் வராவிட்டால் உடனே பொறியைப் பாருங்கள்*, சூடு ஆறுவதற்குள். பொறி இல்லை, ஆறிய பிறகு வருகிறது என்றால் இக்னிஷன் கொயில், பொயின்ட் மொடலில் கொன்டென்சர், சி.டி.ஐ. மொடலில் பல்சர் கொயில் அல்லது எக்ஸைட்டர் கொயில். சூடானால் உள்ளே கம்பி விரிந்து அறுந்து, ஆறினால் சேர்ந்துகொள்ளும். குளிர்ந்த நிலையில் மீட்டர் எல்லாம் சரி என்றே சொல்லும். கொன்டென்சர்தான் மலிவு, அதை முதலில் மாற்றுங்கள். அடுத்து, வேலை செய்யும் இன்னொரு பைக்கின் கொயிலைக் கடன் வாங்கி மாட்டி ஒரு ஏற்றம் ஓடிப் பாருங்கள்.

*பொறியும் இருந்தால்* குழாயைக் காபரேட்டரிலிருந்து கழற்றி, டாங்கி மூடியை மூடியபடி, அளவுள்ள போத்தலில் ஒரு நிமிடம் பிடியுங்கள். 125 எஞ்சின் முழு இழுப்பில் நிமிடத்துக்கு 70 மில்லிலீற்றர் வரை குடிக்கும். 150க்குக் குறைவாக வந்தால் டெப் வலையோ, பின்னால் செருகிய ஃபில்டரோ அடைத்திருக்கிறது. சரிவு இல்லாமல் கிடையாகக் கிடக்கும் பெரிய ஃபில்டரில் காற்றுக்குமிழி மாட்டிக்கொள்வதும் உண்டு. டெப் வலை நல்லதாக இருந்தால் கூடுதல் ஃபில்டர் தேவையே இல்லை. டாங்கி உள்ளே துரு உதிர்ந்தால் மாற்ற வேண்டியது ஃபில்டரை அல்ல, டாங்கியைத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

*இவை எல்லாம் சரியாக இருந்து*, அதிகாலைப் பனிமூட்டத்தில், சீரான வேகத்தில் நெடுநேரம் ஓடும்போது மட்டும் நடந்தால் காபரேட்டருக்குள் ஐஸ் கட்டுகிறது. அபூர்வம்தான், ஆனால் குளிரும் ஈரப்பதமும் சேரும் இடங்களில் நடக்கிற விஷயம். வெளியே பூஜ்ஜியத்துக்கு மேலே பல பாகை இருந்தாலும், பெற்றோல் ஆவியாகும்போது உட்புறம் உறைநிலைக்கு இறங்கிவிடும். நின்றதும் எஞ்சின் சூட்டில் உருகிவிடுவதால் தடயம் இருக்காது. காபரேட்டர் உடம்பைத் தொட்டுப் பாருங்கள்: விறைக்கும் குளிரில், மேலே நீர் படிந்திருக்கும். ஒன்றும் மாற்ற வேண்டாம். புறப்படுமுன் எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள்.

அறிகுறி 3: மழையில் மட்டும் மிஸ் அடிக்கிறது

மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில், டிசெம்பருக்குப் பிறகு பதுளைப் பக்கத்தில், இந்தப் புகார் பருவம் மாறாமல் வரும்.

இருட்டிய பிறகு பைக்கை ஸ்டார்ட் பண்ணி விட்டு, விளக்குகளை அணைத்து, கெப், பிளக் வயர், கொயில் என்று ஒவ்வொன்றாகத் தண்ணீரைப் புகையாகத் தெளியுங்கள். கசிகிற இடத்தில் வயர்மேல் நீல நூல்போல ஒளி ஓடி ஃப்ரேமுக்குத் தாவும். எஞ்சின் தடுமாறும் கணமும் அதுவே. கை வைக்காதீர்கள். கெப் என்றால் கெப்பை மாற்றுங்கள். வயர் கொயிலோடு வார்த்ததாக இருந்தால் கொயிலையே மாற்ற வேண்டும். டேப் சுற்றுவது ஒரு மழைக்குத்தான்.

வயரில் ஒளி தெரியவில்லை என்றால் ஹேண்டில் சுவிட்சுக்குள், ஹெட்லைட் கிண்ணத்து இணைப்புகளுக்குள் தண்ணீர் போகிறது. காயவைத்து, ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துச் சுரண்டி, மெல்லிய வாஸ்லின் பூசி மாட்டுங்கள். கடைசியாக ஏர் ஃபில்டர் பெட்டி: தாள் ஃபில்டர் நனைந்தால் காற்று போகாது. பெட்டி மூடியின் ரப்பர் இல்லாமல் ஓடும் பைக்குகள் எத்தனையோ.

அறிகுறி 4: ஏற்றத்தில் இழுக்கவில்லை

*எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை:* கிளச் வழுக்குகிறது. லீவர் முனையில் 10 முதல் 20 மி.மீ. தளர்வு இருக்கிறதா பாருங்கள். தளர்வே இல்லாவிட்டால் கேபிளைத் தளர்த்தினால் போதும். அடுத்து ஒயில். காருக்கான வழுவழுப்பு கூடிய ஒயிலை ஊற்றினால் கிளச் தட்டுகள் பிடிக்காது. போத்தலில் ஜாஸோ எம்.ஏ. என்ற குறி இருக்க வேண்டும். ஹொண்டாவில் அளவு பார்க்கும்போது குச்சியைத் திருகாமல் வெறுமனே வைத்து எடுங்கள். இரண்டும் சரி என்றால் தட்டுகளும் ஸ்ப்ரிங்கும். கேஸ் மூடி கேஸ்கெட்டோடு சேர்த்து வாங்குங்கள்.

கப்பிலும் எம்.டி.90யிலும் கிளச் லீவர் இல்லை. கப்பின் வலது மூடியிலுள்ள திருகின் லொக் நட்டைத் தளர்த்தி, திருகை வலஞ்சுழியாக ஒரு சுற்றுத் திருப்பி, பிறகு இடஞ்சுழியாக மெதுவாகத் தடை தட்டும்வரை கொண்டுவந்து, அங்கிருந்து வலஞ்சுழியாக எட்டில் ஒரு சுற்று விட்டு நட்டை இறுக்குங்கள்.

*எஞ்சினே ஏறவில்லை:* மெயின் ஸ்டாண்டில் ஏற்றி நியூட்ரலில் இரண்டு சக்கரத்தையும் கையால் சுற்றுங்கள். உரசி நிற்கும் பிரேக்கும் விறைத்த செயினும் ஒரு கியர் அளவு பலத்தைத் தின்றுவிடும். செயின் நடுவில் 20 மி.மீ. அளவில் ஆட வேண்டும். ஒரு இடத்தில் தளர்ந்து இன்னொரு இடத்தில் இறுகினால் செயினையும் இரண்டு ஸ்ப்ரொக்கட்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள்.

பிறகு ஏர் ஃபில்டரும் சைலன்சரும். நின்றுபோன பைக்கின் சைலன்சர் முனையில் குளவி மண்கூடு கட்டுவதும், ஃபில்டர் பெட்டியில் எலி பஞ்சு சேர்ப்பதும் லயத்துப் பின்புறத்திலோ கொட்டகையிலோ வைத்த பைக்குகளுக்குப் புதிதல்ல. ஆர்.எக்ஸ்.100 என்றால் சைலன்சர் உட்குழாயைக் கழற்றிக் கரியைச் சுரண்டுங்கள்.

இனித்தான் காபரேட்டர். ஒரு ஏற்றம் ஓடிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கருமையாக இருந்தால் கலவையில் பெற்றோல் கூடுதல். உயரத்தில் காற்று மெலிவதால் கீழ்நாட்டு ஜெட் இங்கே பெற்றோலை அதிகம் விடும். ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்றினால் ஊசி இறங்கிக் கலவை குறையும், செலவில்லை. போதாவிட்டால் மெயின் ஜெட்டில் ஒரு அளவு சிறியது. ஆனால் அடிக்கடி கொழும்புக்கு இறங்கும் பைக்குக்கு ஜெட்டைக் குறைக்காதீர்கள்: கீழே கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். மாறாக, சோக்கைச் சிறிது மூடினால் நன்றாக இழுத்தால் பெற்றோல் போதவில்லை. அறிகுறி 2க்குப் போய்ப் போத்தல் சோதனையைச் செய்யுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கடலோரத்தில் இழுத்த மாதிரி இழுக்கவில்லை என்றால், அது பழுது இல்லை. மெலிந்த காற்றில் போகிற பலத்தை எந்த ரிப்பேரும் திருப்பித் தராது. முன் ஸ்ப்ரொக்கட்டில் ஒரு பல் குறைத்துப் போடுங்கள். 15 பல் 14 ஆனால் சுமார் 7 சதவீத உச்ச வேகம் போகும், இறம்பொடை ஏற்றத்தில் மூன்றாம் கியர் தாங்கும்.

அறிகுறி 5: இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை

இதில் மட்டும் “நாளைக்குப் பார்க்கலாம்” கிடையாது.

*தொடக்கத்தில் பிடித்து, சில கிலோமீற்றரில் கைவிடுகிறது, கருகல் வாடை வருகிறது:* டிரம் சூடேறிவிட்டது. பாதுகாப்பாக நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். பெரகலையிலிருந்து கொஸ்லந்தை வழியாக வெல்லவாயாவுக்கு இறங்குவது போன்ற சரிவில், ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ அதே கியரில் இறங்குங்கள். பெற்றோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து உருட்டுவது பிரேக்கைக் கொல்லும் பழக்கம். இரண்டு ஸ்ட்ரோக் பைக்கில் அக்சிலேட்டரை முழுதாக மூடியே நெடுந்தூரம் இறங்கினால் ஒயிலும் போதியளவு போகாது. இடையிடையே சற்றுத் திருகிவிடுங்கள்.

*மழைக்குப் பின் முதல் சில பிடிகள் வழுக்குகின்றன:* டிரம்முக்குள் தண்ணீர். இலேசாக அழுத்தியபடி சிறிது தூரம் ஓடினால் காய்ந்துவிடும்.

*எப்போதும் பலவீனம்:* லீவர் முனையில் 20 முதல் 30 மி.மீ. தளர்வு வையுங்கள், பின் பெடலிலும் அதே அளவு. கேபிளுக்கு ஒயில் விடுங்கள். பிரேக்கை அழுத்தியபடி பிரேக் கம்பியும் டிரம்முக்கு வெளியிலுள்ள பிரேக் கையும் சேரும் கோணத்தைப் பாருங்கள். 90 பாகையைத் தாண்டினால் லைனிங் தேய்ந்துவிட்டது. பிரேக் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுவது தேய்மானத்தை மறைப்பதே ஒழியச் சரிசெய்வதில்லை.

சக்கரத்தைக் கழற்றினால், தூளை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து எறியுங்கள். லைனிங் 2 மி.மீ.க்குக் கீழே போனால் பிரேக் சூ மாற்ற வேண்டும். கண்ணாடிபோல மினுங்கினால் 80 நம்பர் தாளில் மேலோட்டமாகத் தேய்க்கலாம். கிரீஸ் ஊறியிருந்தால் கழுவிப் பிரயோசனமில்லை. சூவோடு ஹப் சீலையும் மாற்றுங்கள். சூவை விரிக்கும் கேம் தண்டு கையால் சுலபமாகச் சுழல வேண்டும். இறுகியிருந்தால் கழற்றி, துருவை எடுத்து, சூட்டுக்குத் தாங்கும் கிரீஸை மிகக் கொஞ்சமாகப் பூசுங்கள்.

*கராஜுக்கு எப்போது:* டிரமின் உட்சுவரில் விரல் நகம் தடுக்கும் பள்ளம் இருந்தால், பிடிக்கும்போது பெடல் அதிர்ந்தால், அல்லது உள்விட்டம் டிரமில் பொறித்த அதிகபட்ச அளவைத் தாண்டினால். முதலிரண்டுக்கும் லேத்தில் சீவலாம். கடைசிக்கு வேறு ஹப்தான், பழைய மொடலுக்குக் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் தேட வேண்டியிருக்கும்.

அறிகுறி 6: புகை

காலையில் வெள்ளையாக வந்து எஞ்சின் சூடானதும் நின்றால் நீராவி, விட்டுவிடுங்கள். நீலப்புகை ஸ்டார்ட் பண்ணும்போதும் இறக்கத்துக்குப் பின் முறுக்கும்போதும் மட்டும் என்றால் வால்வு சீல். ஏற்றம் முழுக்க நீலம் என்றால் ரிங், அது கராஜ் வேலை. கறுப்பு என்றால் முதலில் ஏர் ஃபில்டர், பிறகு சோக் முழுதாகத் திறக்கிறதா என்பது, அதன்பின் ஜெட். ஆர்.எக்ஸ்.100இல் கொஞ்சம் புகை இருக்கத்தான் செய்யும். புகையே நின்றுவிட்டால்தான் ஒயில் டாங்கியை அவசரமாகப் பார்க்க வேண்டும்.

அறிகுறி 7: விளக்கு மங்கல், ஹோர்ன் முனகல்

புதிதாகப் பெயின்ட் அடித்த பைக் என்றால் வேறெதையும் பார்க்குமுன் எர்த் வயர் மாட்டும் இடத்தைச் சுரண்டி வெறும் இரும்பைக் காட்டுங்கள். பவுடர் கோட்டிங் மின்சாரத்தை விடாது. எஞ்சினைப் பிடிக்கும் போல்ட்களின் அடியிலும் அதே பூச்சு இருக்கும்.

பிறகு மீட்டர். 12 வோல்ட் பற்றரி ஓய்வில் சுமார் 12.6, எஞ்சினை முறுக்கும்போது 14 முதல் 14.5. முறுக்கியும் ஏறாவிட்டால் ரெக்டிஃபையர் இணைப்பு, ரெக்டிஃபையர், கடைசியில் உள்ளிருக்கும் கொயில். 15க்கு மேல் ஏறினால் பல்புகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்குமுன் ரெகுலேட்டரை மாற்றுங்கள். பழைய 6 வோல்ட் மொடல்களில் மெதுவாக ஓடும்போது ஹெட்லைட் மங்குவது இயல்பு. பனிமூட்டத்தில் இரவு ஓட்டம் இருந்தால் ஒரு கியர் குறைத்து எஞ்சினைச் சுற்றவிட்டே ஓட்டுங்கள். மேக்னெட்டோ கொயிலைப் புதிதாகச் சுற்றுவதை அந்த வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.